டீச்சரம்மா சொன்ன ‘மீட்’

கொடைக்கானலில் இருப்பவர்களுக்கு இங்கிலீஷ் வார்த்தைகளுக்குப் பஞ்சமில்லை. ரூம், சீசன், லேக், போட்டிங், ஹோம்மேட் சாக்லேட் எல்லாம் எங்கள் காலனிப் பிள்ளைகள் பால்குடி மறக்கும் முன்பே பேசும் வார்த்தைகள். நானும் அதெல்லாம் பேசுவேன். ஆனால் எனக்கு இன்னொரு வார்த்தையும் தெரியும். வேன் ஓட்டி ஊரெல்லாம் வெள்ளைக்காரர்களை ஏற்றி இறக்கும் என் மகனுக்கே அது தெரியாது. அந்த வார்த்தை ‘மீட்’.

மீட்டிங் என்கிறோமே, அந்த மீட் இல்லை. எழுத்து ஒன்றுதானாம், வார்த்தை வேறாம். இது பழைய இங்கிலீஷ். பழைய வேதப் புத்தகத்திலும் ஜெபப் புத்தகத்திலும் இருக்கிறதாம், இப்போது யாரும் வாயால் பேசுவதில்லையாம். எனக்கு இதைச் சொன்னது டீச்சரம்மா.

டீச்சரம்மா மலைமேல் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். பாளையங்கோட்டைப் பக்கத்து ஆள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. செண்பகனூரில், டவுன் பஸ் திரும்புகிற இடத்துக்கு மேலே, இரண்டு பேரிக்காய் மரம் நிற்கிற சின்ன வீடு அவருடையது. அந்த வீட்டில் நான் பகல் வேலைக்குப் போகிறேன். சமையல், துணி, வீடு கூட்டுவது எல்லாம். காலையில் போய் ஐந்து மணிக்குத் திரும்புவேன். என் வீட்டுக்காரர் இறந்த பிறகு போக ஆரம்பித்தேன். இப்போது எனக்கே தலை முழுக்க வெளுத்துவிட்டது.

நான் மூன்றாவது வரை படித்தவள். அதுவும் சிலோனில், தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில். பிறகு கப்பலேறி இங்கே வந்துவிட்டோம். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன், ஆனால் அவசரம் ஒன்றும் இல்லை. அதனால் முதலில் அந்த வார்த்தை வந்த கதையைச் சொல்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள். வேலை முடிந்ததும் டீச்சரம்மா பீங்கான் கோப்பையில் தேத்தண்ணி ஊற்றி, கீழே தட்டு வைத்து, ஸ்பூன் வைத்து என் முன்னால் வைத்தார். பாலும் சீனியும் தனித்தனியாக இருந்தன. எங்கள் தோட்டத்து வழக்கம் வேறு. பால் கிடையாது. சீனியைத் தேத்தண்ணியில் போட்டுக் கரைக்கவும் மாட்டோம். உள்ளங்கையில் கொஞ்சம் வைத்துக்கொண்டு, ஒரு வாய் தேத்தண்ணி, ஒரு நக்கு சீனி. சீனிக்குத் தட்டுப்பாடு இருந்த காலத்தில் பழகியது, நாக்கை விட்டுப் போகவில்லை. எனக்கு எதிரே ஒரு படித்த அம்மா உட்கார்ந்திருக்கிறார் என்பதற்காக என் நாக்கை மாற்றிக்கொள்ள எனக்குத் தோன்றவில்லை. ஸ்பூனைத் தள்ளி வைத்தேன். சீனியைக் கையில் கொட்டினேன். நிதானமாகக் குடித்தேன்.

டீச்சரம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் தலையை ஆட்டி, “மீட்” என்றார்.

“என்னாங்க?” என்றேன்.

“ஒண்ணுமில்ல. அப்படித்தான் குடிக்கணும்னு சொன்னேன்.”

“உங்களுக்கும் ஊத்தவா?”

“எனக்கு அது பொருந்தாது. உனக்குப் பொருந்துது.”

இதுதான் அந்த வார்த்தைக்கு அர்த்தம் என்று நான் அன்றைக்கு எடுத்துக்கொண்டது. பிறகு பார்த்தால் அவ்வளவு லேசாக அதைச் சொல்லி முடிக்க முடியாது.

ஒருமுறை டவுன் பஸ்ஸில் கண்டக்டர் மீதிச் சில்லறையை மறக்காமல் கூப்பிட்டுக் கொடுத்தார். அதைச் சொல்லி நான், “மீட்தானே டீச்சரம்மா?” என்றேன். அவர் சிரித்தார். “அது சரி. வெறும் சரி. சட்டப்படி செஞ்சாச்சு, முடிஞ்சுபோச்சு.” அப்படியென்றால் அழகா? “பூ அழகா இருக்கு. அதுக்கு வேற வார்த்தை இருக்கு.” நல்லதா? “நல்லது எல்லாருக்கும் நல்லது. இது அந்த ஆளுக்கு, அந்த நேரத்துக்கு, அந்த இடத்துக்கு.” இப்படி நாலு பக்கமும் வேலி போட்டுவிட்டு நடுவில் என்னை விட்டுவிட்டுப் போய்விடுவார். கெட்டிக்கார டீச்சராக இருந்திருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

நான் அதை முழுதாகப் புரிந்துகொண்டது பக்கத்து வீட்டில் ஒருவர் இறந்த அன்று. மார்கழி, மழையும் பனியும் சேர்ந்து கொட்டுகிற நாள். கீழே வத்தலக்குண்டிலிருந்தும் மதுரையிலிருந்தும் சொந்தக்காரர்கள் மெல்லிசுத் துணியோடு வந்து நடுங்கிக்கொண்டு நின்றார்கள். எல்லோரும் மாலை வாங்கி வந்தார்கள். டீச்சரம்மா மாலை வாங்கவில்லை. அவர் வீட்டில் அடுக்கி வைத்திருந்த காய்ந்த விறகில் பாதியை என்னிடம் கொடுத்து, “வாசல்ல ஓரமா போட்டு மூட்டி விட்டுட்டு வா. யார் குடுத்ததுன்னு கேட்டா எதுவும் சொல்லாதே” என்றார். சாயங்காலம் வரை மாலை போட்டவர்கள் எல்லோரும் அந்த நெருப்பைச் சுற்றித்தான் நின்றார்கள். இறந்தவரின் சம்சாரம்கூடக் கொஞ்ச நேரம் அங்கே வந்து கையை அனலில் காட்டிவிட்டுப் போனார். எனக்கு அன்றைக்கு யாரும் அர்த்தம் சொல்லத் தேவைப்படவில்லை.

தமிழில் இதற்கு வார்த்தை இல்லையா என்று ஒரு நாள் கேட்டேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம்.

“இருக்கே. தகும்.”

“அது எங்க யாரு பேசுறா?”

“அதான். தகாத வார்த்தை, தகாத சேர்க்கைன்னு பேப்பர்ல தினமும் வருது. தகாதுங்கிறதை மட்டும் வச்சுக்கிட்டோம். தகும்ங்கிறதை விட்டுட்டோம். இங்கிலீஷ்காரனும் இதைத் தொலைச்சுட்டான், நாமும் அதைத் தொலைச்சுட்டோம்.”

அதற்குப் பிறகு நான் கவனித்தேன். டீச்சரம்மா அந்த வார்த்தையை இல்லை என்று சேர்த்துச் சொன்னதே கிடையாது. பிடிக்காததைப் பார்த்தால் பேசாமல் இருந்துவிடுவார். தகுவதைப் பார்த்தால்தான் வாய் திறப்பார். குறை சொல்ல ஆயிரம் பேர் இருக்கிற ஊரில் இப்படி ஒரு ஆள்.

போன வருஷம் பேரிக்காய் இறக்கும் காலத்தில் டீச்சரம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பில் அடி. ஆபரேஷன் செய்து, நடக்கப் பிடித்துக்கொள்ள நாலு கால் வண்டி ஒன்று கொடுத்து அனுப்பினார்கள். தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். டீச்சரம்மா நடக்கவில்லை. கட்டிலிலேயே இருந்தார். பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திய வாய், “எதுக்கு நடக்கணும்? எங்க போகப் போறேன்?” என்றது.

பெங்களூரிலிருந்து அவருடைய தம்பி மகன் வந்தான். நல்ல பையன், குற்றம் சொல்ல முடியாது. ஆனால் கவலைப்படுகிறவன். சமையலறைக்கு வந்து என்னிடம் கேட்டான்.

“அத்தைக்குப் பகல்ல நீங்க இருக்கீங்க. ராத்திரிக்கு யாரு? மறுபடி விழுந்தா யாருக்குத் தெரியும்?”

ஏஜென்சி மூலமாக ஒரு பெண்ணை வைத்துப் பார்த்தான். அந்தப் பெண் எங்கள் குளிரைத் தாங்காமல் மூக்கைச் சிந்திக்கொண்டே கீழே இறங்கிவிட்டாள். அதற்கு மேல் அவன் முடிவாகச் சொல்லிவிட்டான். சித்திரை லீவுக்கு வருவானாம். அதற்குள் ராத்திரிக்கு நம்பிக்கையான ஆள் அமையவில்லை என்றால் வீட்டைப் பூட்டிவிட்டு அத்தையைப் பெங்களூருக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவானாம். பதினோராவது மாடியில் வீடு.

டீச்சரம்மா எதுவும் சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் பேசாமல் இருந்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

அவன் போவதற்கு முன் என்னிடமே கேட்டான். “நீங்களே ராத்திரியும் தங்கிடுங்களேன். தனியா சம்பளம் தர்றேன்.”

“சம்பளத்துக்கு ராத்திரி வேலை நான் பாக்குறதில்ல தம்பி” என்றேன்.

அவனுக்கு அது விளங்கவில்லை. திமிர் என்று நினைத்திருப்பான். திமிர்தான், ஆனால் அது என்னுடையது மட்டும் இல்லை. தோட்டத்தில் விடிவதற்குள் பெரட்டுக்களத்தில் போய் நிற்க வேண்டும். பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புகிற இடம் அது. அங்கிருந்து சாயங்காலம் கொழுந்தை நிறுத்துக் கொடுக்கும் வரை நாங்கள் துரையின் ஆள், கங்காணியின் ஆள். நிறுத்து முடித்துக் கூடையைக் கழற்றிவிட்டால் அதற்கு மேல் எங்கள் லயத்து வீட்டு வாசலில் வந்து நின்று வேலை சொல்ல ஒருவனுக்கும் உரிமை இல்லை. என் அம்மா அதில் ரொம்பக் கறார். “வெயிலு அவனுக்கு, விளக்கு எனக்கு” என்பாள். எங்களிடம் இருந்த ஒரே சொத்து அந்த விளக்கு நேரம். அதை விற்க எனக்குக் கை வரவில்லை.

ஆனால் டீச்சரம்மாவைப் பதினோராவது மாடிக்கு அனுப்பவும் மனசு வரவில்லை. சம்பளம் இல்லாமல் போய்ப் படுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். என் மகன் கேட்டுவிட்டுக் குதித்தான்.

“ஏம்மா, சம்பளம் வாங்குனா வேலைக்காரி. வாங்கலேன்னா அதை விடக் கேவலம், ஓசி வேலைக்காரி. எந்த முறையில போய் அங்க படுப்பே? நீ என்ன அவுங்களுக்கு அக்காளா தங்கச்சியா?”

அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. அதை மறுநாள் டீச்சரம்மாவிடம் அப்படியே சொன்னேன். நான் எதையும் மறைத்து வைத்துப் பேசுகிறவள் இல்லை.

 மத்தியானம் சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது அவர் சொன்னார். “விருந்தாளியா வந்தா என்ன?”

“யாரு?”

“நீதான். அஞ்சு மணிக்குப் பின்கதவு வழியாப் போயிடு. வீட்டுக்குப் போய்க் குளிச்சு, சாப்பிட்டு, நல்ல சேலை கட்டிக்கிட்டு ஏழு மணிக்கு முன்வாசல் வழியா வா. ராத்திரி இங்க படுத்துட்டு, விடிஞ்சதும் உன் வீட்டுக்குப் போயிட்டு, வேலை நேரத்துக்குப் பின்கதவு வழியா வா. விருந்தாளியை யாரும் வேலை வாங்க முடியாது. விருந்தாளிக்கு யாரும் சம்பளம் குடுக்கவும் முடியாது.”

“விருந்தாளி தினமுமா வருவா?”

“தினமும் தேத்தண்ணி கெடைச்சா வருவா.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “யாரு போடுறது தேத்தண்ணிய?”

“வீட்டுக்காரிதான் போடணும். வேற யாரு?” என்றவர், தானே கேட்டுத் தானே பதில் சொல்வதுபோல, “மீட்” என்றார்.

காலனியில் முதல் நாள் நான் மெரூன் சேலை கட்டிக்கொண்டு, ஸ்வெட்டர் போட்டு, தலை சீவிக் கிளம்பினேன். எதிர்வீட்டுக்காரி, எனக்கு மதினி முறை, தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்தபடியே நின்றுவிட்டாள்.

“என்ன மதினி, மகாராணி மாதிரி கெளம்பிட்டே? எந்த வீட்டுக் கலியாணம்?”

“டீச்சரம்மா வீட்டுக்கு விருந்துக்கு.”

“அடி ஆத்தி! மத்தியானம் அங்கதானே சட்டி கழுவுனே?”

“அது மத்தியானம்டி.”

அவ்வளவு பேசிவிட்டுப் போன நான், பழக்க தோஷத்தில் வீட்டைச் சுற்றிக்கொண்டு நேராகப் பின்கதவுக்குத்தான் போனேன். தாழ்ப்பாள் போட்டிருந்தது. தட்டினேன்.

உள்ளேயிருந்து டீச்சரம்மாவின் குரல். “யாரது? இந்நேரத்துக்கு அந்தப் பக்கம் யாரும் வர மாட்டாங்களே!”

“நாந்தாங்க.”

“நாந்தான்னா யாரு? வீட்டுக்கு வர்றவங்க முன்னால வருவாங்க.”

குளிரில் முனகிக்கொண்டே திரும்ப வீட்டைச் சுற்றி வந்தேன். முன்கதவு திறந்திருந்தது. அங்கே நாலு கால் வண்டியைப் பிடித்துக்கொண்டு டீச்சரம்மா நின்றார். கட்டிலை விட்டு எழமாட்டேன் என்றவர். “வாங்க, வாங்க. உக்காருங்க” என்றார். பகலில் ‘வா, போ’. ஏழு மணிக்கு மேல் ‘வாங்க’. அன்றிலிருந்து இன்றுவரை அதில் ஒரு நாளும் அவர் தவறியதில்லை.

தேத்தண்ணியை எப்படிக் கொண்டு வருவார் என்று பார்த்தேன். பிளாஸ்கில் ஊற்றி, துணிப்பையில் போட்டு, பையை அந்த வண்டியின் கைப்பிடியில் மாட்டியிருந்தார். ஒரு அடி, ஒரு நிறுத்தம். சமையலறையிலிருந்து கூடத்துக்கு வருவதற்குள் எனக்குத்தான் உயிர் போய் உயிர் வந்தது. எழுந்து போய் வாங்கவும் முடியாது. நான் விருந்தாளி.

சில நாள் கழித்து ஒரு கோப்பை அவர் கை தவறி விழுந்து உடைந்தது. நான் பதறி எழுந்து துடைப்பத்துக்குப் போனேன்.

“எங்க போறீங்க?”

“கூட்டிடுறேன், கால்ல குத்திடும்.”

“வந்த வீட்ல வெளக்குமாத்தைத் தூக்குவாங்களா? உக்காருங்க.”

“அதுக்காக அப்படியே கெடக்கணுமா?”

“நாளைக்குக் காலையில ஒரு அம்மா வருவாங்க. அவங்க கூட்டுவாங்க. நல்லா வேலை செய்வாங்க.”

பழைய பேப்பரை அதன்மேல் போட்டு மூடிவிட்டு இருவரும் சிரித்த சிரிப்பில் எனக்கு இருமல் வந்துவிட்டது. காலையில் பின்கதவு வழியாக வந்து, நான்தான் அதைக் கூட்டி அள்ளினேன். டீச்சரம்மா கட்டிலில் உட்கார்ந்தபடி ஒன்றும் தெரியாதவர் போல், “யாரோ கோப்பையை உடைச்சுட்டாங்க போல” என்றார்.

இப்படியே பங்குனி போய்விட்டது. சித்திரை வந்தது. மகன் சீசனுக்கு வேனை ராவும் பகலும் ஓட்டிக்கொண்டிருந்தான். பெங்களூர்த் தம்பி எந்த நாள் வருவான் என்று எங்களுக்குத் தெரியாது. டீச்சரம்மா கேட்கவும் இல்லை. ஆனால் பரண்மேல் இருந்த பெட்டியை இறக்கச் சொல்லவில்லை என்பதைக் கவனித்தேன்.

ஒரு நாள் ஏழு மணிக்கு நான் போனால், கேட்டுக்கு முன்னால் பெரிய காட்டுமாடு ஒன்று நிற்கிறது. எங்கள் ஊரில் அவை தெருவில் மேயும். கிட்டே போகக் கூடாது, விரட்டவும் கூடாது, அதுவாகப் போகும்வரை நிற்க வேண்டும். தள்ளி ஒரு காரும் நின்றது. அதன் பக்கத்தில் குளிரில் கைகளை அக்குளில் சொருகிக்கொண்டு அந்தத் தம்பி நின்றான். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தான்.

“நல்லவேளை வந்தீங்க. இது எப்பப் போகும்?”

“அதுக்குச் சோலி முடிஞ்சதும் போகும் தம்பி.”

“பின்பக்கம் சந்து வழியாப் போயிடலாமே? அங்க மாடு இல்ல. நீங்க அப்படித்தானே போவீங்க?”

“இந்நேரத்துக்கு எனக்கு அந்தக் கதவு இல்லீங்க.”

அவன் என் சேலையைப் பார்த்தான்.  பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னான். அத்தைக்கு அறை தயார் செய்தாயிற்றாம். காலையில் வெள்ளனே கிளம்பினால் மதியத்துக்குள் சேலம் தாண்டிவிடலாமாம்.  மாடு மெல்லத் திரும்பிப் புதருக்குள் இறங்கியது. நாங்கள் இருவரும் சேர்ந்து முன்வாசலில் ஏறினோம்.

கதவைத் திறந்தது டீச்சரம்மா. தம்பி மகன் அப்படியே நின்றுவிட்டான்.

“அத்தை, நீங்க எந்திரிச்சு வந்தீங்களா?”

“வீட்டுக்கு ஆள் வந்தா எந்திரிக்காம? வாங்க, உக்காருங்க. டேய், நீயும் உக்காரு.”

நான் எப்போதும் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவன் நாற்காலி நுனியில் உட்கார்ந்து என்னையும் அத்தையையும் மாறி மாறிப் பார்த்தான். டீச்சரம்மா சமையலறைக்குத் திரும்பினார். வண்டிச் சத்தம் கேட்டது. அவன் எழப்போனான்.

“தம்பி, உக்காருங்க. எந்திரிச்சா திட்டுவாங்க” என்றேன்.

“அவங்க போய் டீ எடுத்துட்டு வர்றாங்க, நீங்க உக்காந்திருக்கீங்க?” குரலில் கோபம் இருந்தது.

“ஆமாங்க. தினமும் இப்படித்தான்.”

கைப்பிடியில் பையோடு டீச்சரம்மா வருவதை அவன் பார்த்தான். பங்குனிக்குப் பிறகு நிறுத்தங்கள் குறைந்துபோயிருந்தன. நிலைப்படி கிட்டே ஒரு கையை விட்டுவிட்டுத் திரும்பக்கூடச் செய்தார். அவன் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. ஆபரேஷன் முடிந்து அவன் பார்த்தது சுவரைப் பார்த்துப் படுத்திருந்த அத்தையை.

“பிசியோக்காரர் வந்தப்போகூட நடக்க மாட்டேன்னீங்களே அத்தை.”

“அவருக்கு நான் எதுக்கு நடந்து காட்டணும்?” என்று சொல்லிக்கொண்டே எனக்கு ஊற்றினார். சீனி டப்பாவை என் பக்கம் தள்ளினார். “இவங்க ராத்திரி இங்க தங்குறதுக்குக் குளிர்ல அவ்வளவு தூரம் நடந்து வர்றாங்க. நான் சமையக்கட்டுல இருந்து இங்க நடக்குறேன். அவ்வளவுதான்.”

அவன் தேத்தண்ணியைக் குடித்தான்.  கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, “பெங்களூர்ல எங்க வீட்டுக்கு யாரும் வர்றதில்ல அத்தை” என்றான். தனக்குத்தானே கணக்குப் பார்ப்பவன் போலச் சொன்னான்.   அவன் எழுந்து போய்க் குளியலறையைப் பார்த்துவிட்டு வந்தான். “அங்க சுவத்துல பிடிச்சுக்கக் கம்பி போடணும். காலையில ஆள் கெடைப்பாங்களா?” என்றான். காலையில் கிளம்புவதைப் பற்றி அவன் அதற்குப் பிறகு பேச்சே எடுக்கவில்லை. டீச்சரம்மா ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காலையில் நான் பின்கதவு வழியாக உள்ளே வந்தேன். தம்பி சமையலறையில் காப்பிப் பொடி தேடிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் பள்ளிக்கூடப் பையன் மாதிரி விறைத்து நின்றான். எப்படி நடந்துகொள்வது என்று அவனுக்கு விளங்கவில்லை.

“நகருங்க தம்பி, இது சம்பள நேரம்” என்றேன். சிரித்துவிட்டான்.

வேலையாட்கள் வந்து கம்பி போட்டு முடிக்க மத்தியானமாகிவிட்டது. அவன் அத்தையிடம் மெதுவாகக் கேட்பது எனக்குக் கேட்டது. “அவங்களுக்கு ராத்திரிக்கு எதுவும் குடுக்கக் கூடாதுங்கிறீங்க. நான் என்னதான் செய்யுறது?”

“போறப்ப அவங்ககிட்டச் சொல்லிட்டுப் போ. அது போதும்” என்றார் டீச்சரம்மா.

பையை எடுத்துக்கொண்டு கார்வரை போனவன், திரும்பி வந்து, சமையலறை வாசலில் நின்றான். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். கையெல்லாம் சோப்பு நுரை.

“போயிட்டு வர்றேங்க” என்றான்.

“மெதுவாப் போங்க தம்பி. பெருமாள்மலை தாண்டுறவரைக்கும் பனி கெடக்கு” என்றேன்.